துருவப் பனி எவ்வளவு கரைந்தது என்று விண்ணிலிருந்து எப்படித் தெரிகிறது?

படத்தில் பனியின் பரப்புதானே தெரியும், அளவு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்கள். சரியான சந்தேகம், படம் மட்டும் போதாது.

ஒரு வழி உயரத்தை அளப்பது. 2018-இல் ஏவப்பட்ட ஐஸ்சாட்-2 என்ற செயற்கைக்கோள், சுமார் 500 கி.மீ. மேலிருந்து நொடிக்கு 10,000 முறை பச்சை லேசரைச் சொடுக்குகிறது. பனியில் பட்டுத் திரும்பும் சில ஒளித்துகள்களின் பயண நேரத்திலிருந்து தூரம் கிடைக்கும். தான் எங்கே இருக்கிறோம் என்பது செயற்கைக்கோளுக்கே துல்லியமாகத் தெரியாவிட்டால் அந்தத் தூரத்தால் பயனில்லை. அதற்குத்தான் அதில் ஜிபிஎஸ் கருவி. ஆனால் பனி உருகாமல் வெறுமனே இறுகினாலும் மேற்பரப்பு தாழ்ந்துவிடும்!

ஆகவே எடையே பார்க்க வேண்டும். இதில் எனக்குப் பிடித்தது கிரேஸ் (2002–2017). சுமார் 220 கி.மீ. இடைவெளியில் முன்னும் பின்னுமாகப் பறந்த இரட்டைச் செயற்கைக்கோள்கள். கிரீன்லாந்தை நெருங்கும்போது அதன் ஈர்ப்பு முன்னதைச் சற்றுக் கூடுதலாக இழுக்கும், இடைவெளி விரியும். தலைமுடியின் தடிமனைவிடச் சிறிய மாற்றத்தையும் இரண்டுக்கும் இடையே செல்லும் நுண்ணலைகள் கண்டுபிடித்துவிடும். பனி குறைந்தால் ஈர்ப்பும் குறையும் என்பதால், மாதாமாதம் ஒப்பிட்டால் பனியின் இழப்பு தெரியும்.

இதிலும் ஒரு வில்லங்கம்: பனியுகத்தின் பழைய சுமை இறங்கியதால் அடிநிலம் இன்னும் மெல்ல எழுகிறது, ஈர்ப்பையும் மாற்றுகிறது. அதைக் கணக்கிட்டுக் கழிக்க, பனியோரத்துப் பாறைகளில் பொருத்திய ஜிபிஎஸ் நிலையங்கள் உதவுகின்றன.