ஸ்பிரிங் பிரேக்குக்குப் பிள்ளையை அனுப்பலாமா? ஒரு ஈஆர் நர்ஸிடம் கேளுங்கள்

ப்ளோரிடாவின் வளைகுடாக் கரையில் உள்ள ஓர் ஊரில், அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். மார்ச் பிறந்துவிட்டால் ஏப்ரல் நடுப்பகுதி வரைக்கும் எங்கள் கடற்கரை முழுக்க, ஸ்பிரிங் பிரேக் என்கிற வசந்த விடுமுறைக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளும் ஹைஸ்கூல் சீனியர்களும்தான். அவர்களில் சிலர் எங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் வந்து சேர்கிறார்கள். இப்போதெல்லாம் அதில் அமெரிக்காவில் வளரும் நம்ம தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். டிக்கெட், ஹோட்டல் பேரம் எல்லாம் என்னிடம் வேண்டாம்.

பிளேனோ அம்மா: பையனுக்கு 17 வயசு. ஃப்ரெண்ட்ஸோட ப்ளோரிடாவுல டெஸ்டின் பீச்சுக்குப் போறான். ஸ்கூல் ஸ்விம் டீம்ல இருக்கான், அதனால தண்ணி பத்திக் கவலை இல்ல. மத்த விஷயம்தான் பயமா இருக்கு.

எனக்கு நேர்மாறாக இருக்கிறது அக்கா. ஸ்விம் டீம் பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்கு அதிகம் பயம். கடலைப் பார்த்துத் தயங்குகிறவன் முழங்காலோடு நின்றுவிடுவான். மெடல் வாங்கியவன் உள்ளே போவான்.

இந்தப் பக்கம் ஆளைக் கொல்வது சுறா இல்லை, ரிப் கரண்ட். அலைகள் மணல் திட்டைத் தாண்டி வந்து கரையோரம் தண்ணீரைக் குவிக்கும். குவிந்த தண்ணீர் திரும்பிப் போக வழி தேடும். திட்டில் எங்கே ஒரு இடைவெளி கிடைக்கிறதோ, அதன் வழியாக மொத்தமும் கடலுக்குப் பாயும். மணலில் நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் வெள்ளையாக நுரை உடையும். நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையே இல்லாமல், கொஞ்சம் கருத்து, அமைதியாகத் தெரியும். ‘இங்கே அலை இல்லை, இங்கேயே இறங்கலாம்’ என்று பிள்ளைகள் தேர்ந்தெடுப்பது சரியாக அந்த இடத்தைத்தான். வேகம் எடுத்தால் விநாடிக்கு 8 அடி வரை இழுக்கும். ஒலிம்பிக் வீரரே எதிர்த்து நீந்தி ஜெயிக்க முடியாது.

அது ஆளைக் கீழே அமுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். கரையைப் பார்த்து மூச்சு முட்ட நீந்தி, களைத்துப் போய்த்தான் மூழ்குகிறார்கள். அகப்பட்டால் முதலில் மல்லாந்து மிதக்கணும். பிறகு கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு வெளியே வந்து, சாய்வாகக் கரைக்குத் திரும்பணும். முடியவில்லையா, மிதந்தபடியே கையை ஆட்டிக் கத்தட்டும். அலை உடையும் இடத்தைத் தாண்டினால் இழுப்பு தளரும். காப்பாற்றப் போகிறேன் என்று வெறுங்கையோடு குதிக்கும் நண்பன்தான் அடுத்த பலி. போகி போர்டோ ஐஸ் பெட்டியோ, மிதக்கிற எதையாவது வீசிவிட்டு 911 கூப்பிடச் சொல்லுங்கள்.

கொடி பற்றியும் சொல்லி அனுப்புங்கள். பச்சை என்றாலும் கவனம் வேண்டும். மஞ்சள் என்றால் நடுத்தர ஆபத்து, சிவப்பு என்றால் பெரிய ஆபத்து. ஊதா பறந்தால் ஜெல்லிமீன் மாதிரி ஏதோ இருக்கிறது. இரட்டைச் சிவப்பு என்றால் கடல் மூடியாச்சு, கால் வைத்தாலே அபராதம். வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும் நாளிலும் இரட்டைச் சிவப்பு பறக்கும். வெயிலைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. லைஃப்கார்டு இருக்கும் பகுதியில் மட்டும் இறங்கச் சொல்லுங்கள். எங்கள் கரையில் கார்டே இல்லாத மைல்கள் நிறைய உண்டு.

எடிசன் அப்பா: கேன்கூன் பாதுகாப்பா மேடம்?

அமெரிக்க வெளியுறவுத்துறை மெக்சிகோவுக்கு மாநிலம் மாநிலமாகத் தனித்தனி எச்சரிக்கை போடுகிறது. கேன்கூன் இருப்பது கின்டானா ரூ மாநிலத்தில். கிளம்பும் வாரம் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். என் துறை சம்பந்தமாக இரண்டு விஷயம். உங்கள் அமெரிக்க ஹெல்த் இன்சூரன்ஸ் அங்கே செல்லாமல் போகலாம். தனியார் ஆஸ்பத்திரிகள் முன்பணம் கட்டினால்தான் கட்டிலே தரும் என்கிற நிலை உண்டு. விமானத்தில் நோயாளியைக் கொண்டுவரும் செலவையும் ஏற்கிற டிராவல் இன்சூரன்ஸ் எடுங்கள். இரண்டாவது, அங்குள்ள பார்மஸியில் உதிரி மாத்திரை எதையும் வாங்கக் கூடாது. தலைவலி மாத்திரைகூட வீட்டிலிருந்தே போகட்டும். மெக்சிகோவில் குடிக்கும் வயது 18 என்பதையும் நினைவில் வையுங்கள். இங்கே 21 வரை மூடியிருந்த கதவு அங்கே திறந்திருக்கும்.

சார்லட் அம்மா: பொண்ணுக்கு இப்பதான் 18 முடிஞ்சது. ஏதாவதுன்னா ஆஸ்பத்திரிலேர்ந்து எங்களுக்குச் சொல்லுவாங்கதானே?

சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. 18 முடிந்தால் சட்டப்படி அவள் தனி ஆள். இரவு மூன்று மணிக்குப் போன் செய்து ‘நான் அம்மா பேசறேன்’ என்று அழும் குரலிடம் ‘இங்கே இருக்கிறாரா இல்லையா என்றுகூடச் சொல்ல இயலாது’ என்று சொல்ல வேண்டியிருப்பது என் வேலையிலேயே பிடிக்காத பகுதி. கிளம்பும் முன்னால், ஹிப்பா என்கிற நோயாளி ரகசியச் சட்டத்தின்படியான அனுமதிப் படிவத்திலும் மருத்துவ முடிவுக்கான பிரதிநிதிப் பத்திரத்திலும் அவளிடம் கையெழுத்து வாங்கி, அவள் போனிலும் உங்கள் போனிலும் படமாக வையுங்கள்.

18க்குக் கீழே என்றால் சிக்கல் வேறு. உயிர் போகிற அவசரமென்றால் யாரையும் கேட்காமல் பார்ப்போம். கை முறிவு, தையல் மாதிரி விஷயத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். போனை எடுங்கள். தெரியாத நம்பர் என்று வெட்டாதீர்கள். அலர்ஜி, சாப்பிடும் மருந்து, இன்சூரன்ஸ் கார்டு எல்லாம் பிள்ளையின் போனில் பூட்டைத் திறக்காமலே பார்க்கிற மாதிரி மெடிக்கல் ஐடியில் போட்டுவையுங்கள்.

டாம்பா சித்தி: நம்ம தோலுக்கு சன்ஸ்கிரீன் தேவையா?

தேவை. அதைவிட முக்கியம், முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின் சாப்பிடுகிற பிள்ளையா என்று பாருங்கள். அந்த மருந்தோடு நாள் முழுக்க வெயிலில் நின்றால் கறுத்த தோலும் கொப்புளிக்கும். டாக்டரிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

ராலே அம்மா: என் பொண்ணு குடிக்க மாட்டா. ஆனா கூட வர்றவங்க குடிப்பாங்க. அவ என்ன தெரிஞ்சு வச்சுக்கணும்?

நல்ல கேள்வி. பல நேரம் உயிரைக் காப்பாற்றுவது குடிக்காத பிள்ளைதான்.

‘தூங்கி எழுந்தா சரியாயிடும்’ என்பதை அவள் நம்பக் கூடாது. கடைசி டம்ளரை வைத்த பிறகும் வயிற்றில் இருப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். படுக்கும்போது உளறியவன் ஒரு மணி நேரத்தில் மூச்சே குறைந்து கிடப்பான். தோளைக் குலுக்கிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் கண் திறக்கவில்லையா, மூச்சுக்கு மூச்சு 10 விநாடிக்கு மேல் இடைவெளியா, நிமிடத்துக்கு 8 மூச்சுக்கும் குறைவா, உதடும் நகமும் நீலம் பாய்கிறதா, நினைவில்லாமல் வாந்தி எடுக்கிறானா. இதில் ஒன்று இருந்தாலும் 911. ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேலே இருக்கும் முழங்காலை மடக்கி முன்னால் வைத்தால் உடல் மல்லாந்து புரளாது. வாந்தி வந்தாலும் மூச்சுக்குழாயில் போகாது. பக்கத்திலேயே உட்காரட்டும். பச்சைத் தண்ணீரில் நிறுத்துவது, காப்பி கொடுப்பது, மோர் ஊற்றுவது எதுவும் வேண்டாம்.

போலீஸ் வருமே என்றுதான் கூப்பிடத் தயங்குகிறார்கள். ப்ளோரிடா உட்படப் பெரும்பாலான மாநிலங்களில், உதவிக்கு அழைத்தவரையும் விழுந்து கிடப்பவரையும் வயதுக்கு முன் குடித்த வழக்கிலிருந்து ஓரளவு காக்கும் சட்டம் இருக்கிறது. இதை அவளிடம் சொல்லி அனுப்புங்கள்.

ஹூஸ்டன் மாமா: கேன்கூன் சேஃபா?

மேலே எடிசன்காரருக்குச் சொன்னதேதான்.

நேப்பர்வில் அப்பா: யாரோ நார்கான்னு போதை மருந்து மயக்கத்தை முறிக்கிற ஸ்ப்ரே வாங்கிக் கொடுக்கச் சொல்றாங்க. எதுக்கு? நம்ம பிள்ளைங்க போதைக்குப் போறவங்களா?

போதைக்குப் போகிறவனுக்கு மட்டும் என்றால் நானும் சொல்ல மாட்டேன். பிரச்சினை போலி மாத்திரை. ‘விடிய விடிய முழிச்சிருக்க அடெரால் இருக்கு, பாதி போட்டுக்கோ’ என்று ஒருவன் நீட்டுவான். அடெரால், ஜானக்ஸ், பெர்கோசெட் என்கிற மருந்துச் சீட்டு மாத்திரைகள் மாதிரியே அச்சு வைத்து, உள்ளே ஃபென்டனில் என்கிற கடும் போதை தரும் வலிமருந்து கலந்தது. 2 மில்லிகிராம் ஃபென்டனிலே உயிரை எடுக்கப் போதும். 2023இல் பிடிபட்ட போலி மாத்திரைகளைப் பரிசோதித்த அமெரிக்கப் போதைத்தடுப்பு நிர்வாகம், பத்து மாத்திரைக்கு ஏழில் உயிரைக் கொல்லக்கூடிய அளவு ஃபென்டனில் இருந்ததாகச் சொன்னது.

நார்கான் 2023 முதல் மருந்துச் சீட்டில்லாமல் கடையில் கிடைக்கிறது. மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரே, பெட்டிக்கு இரண்டு. ஒரு நாசியில் ஒன்று, 911, இரண்டு மூன்று நிமிடத்தில் எழவில்லையென்றால் அடுத்த நாசியில் இன்னொன்று. ஃபென்டனில் இல்லாதவனுக்கு அடித்தாலும் கெடுதல் இல்லை.

நேப்பர்வில் அப்பா: மன்னிக்கணும் சிஸ்டர். இதைப் பையில வச்சா, ‘அப்பாவே எதிர்பாக்கறார்’னுதானே அவன் நினைப்பான்? நாங்க கண்டிச்சு வளர்த்திருக்கோம். கண்டிப்பு போதும்.

கண்டிப்பைக் குறை சொல்லவில்லை அண்ணா. எங்கள் கட்டிலில் கிடக்கும் பிள்ளைகளும் கண்டித்து வளர்க்கப்பட்டவர்கள்தான். மயக்கம் தெளிந்ததும் அவர்கள் கேட்பது ‘எனக்கு என்ன ஆச்சு’ இல்லை, ‘எங்க அப்பாக்குச் சொல்லிட்டீங்களா’.

ஃப்ரிமான்ட் அம்மா: நான் என் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன்: எத்தனை மணியானாலும் கூப்பிடு, எந்த நிலையில இருந்தாலும் கூப்பிடு, கேள்வி கேக்க மாட்டேன்னு.

நேப்பர்வில் அப்பா: அது லைசென்ஸ் கொடுக்கறது! கேள்வியே கேக்க மாட்டேன்னு சொல்ற அம்மா எதுக்கு?

சிகாகோ தாத்தா: எங்க காலத்துல பசங்களை ஊருக்கே அனுப்ப மாட்டோம். இந்தப் பேச்சே வந்திருக்காது.

தாத்தா, உங்கள் காலத்தில் கல்லூரி டூர் போன பையன்கள் ஒகேனக்கலிலும் மெரினாவிலும் மூழ்கத்தான் செய்தார்கள். வீட்டில் சொல்லாமல் போனவர்கள் எத்தனை பேர் அதில்!

நேப்பர்வில் அண்ணாவுக்கு: ஃப்ரிமான்ட் அம்மா சொன்னதில் ஒரே ஒரு திருத்தம் செய்வேன். ‘கேள்வியே கேட்க மாட்டேன்’ என்று சொல்லாதீர்கள், நம்மால் அது முடியாது, பிள்ளைக்கும் தெரியும். ‘அன்றைக்குக் கேட்க மாட்டேன், ஊருக்கு வந்த பிறகு பேசுவோம்’ என்று சொல்லுங்கள். அதில் கண்டிப்பும் இருக்கிறது, கதவும் திறந்திருக்கிறது. நண்பன் மூச்சுத் திணறிக் கிடக்கும்போது, நாலு பேர் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து ‘யார் வீட்டுக்குச் சொல்றது’ என்று ஒரு மணி நேரம் விவாதித்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறார்கள். எங்களிடம் வந்து சேரும்போது அந்த ஒரு மணி நேரத்தை எந்த மருந்தாலும் திருப்பித் தர முடிவதில்லை.

நேப்பர்வில் அப்பா: எனக்கு இன்னும் உடன்பாடில்ல.

சரி அண்ணா. உடன்படாமலே ஒரு பெட்டி வாங்கி வையுங்கள்.

சான் ஹோசே அப்பா: நாங்க எச்1 வேலை விசா, பையன் எச்4 குடும்ப விசா. ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் ஆன்லைன்ல ஃபேக் ஐடி வாங்கறாங்களாம். பெரிய விஷயமா?

மிகப் பெரிய விஷயம். ப்ளோரிடாவில் போலி டிரைவிங் லைசென்ஸ் வைத்திருப்பதே ஃபெலனி, அதாவது கடுங்குற்றம். சிட்டிசன் பிள்ளைக்கு வக்கீல் செலவோடு முடிவது, விசாவில் இருக்கும் பிள்ளைக்கு எதிர்காலத்தையே இழுத்துக்கொண்டு போகலாம். அதற்கு மேல் விவரம் குடிவரவு வக்கீலிடம்.

கேரி அம்மா: பொண்ணு டொமினிகன் குடியரசுல இருக்கற புன்டா கானா போறேங்கறா. நல்லா நீச்சல் தெரியும்.

எத்தனை தடவை சொல்வது! குளத்து நீச்சல் கடலுக்கு ஆகாது. 2025 மார்ச்சில் அதே புன்டா கானாவில், அதிகாலையில் கடற்கரைக்குப் போன பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக மாணவி காணாமல் போனதை நாம் எல்லோரும் நாள்கணக்கில் செய்தியில் பார்த்தோம். இருட்டிய பிறகு தண்ணீரில் கால் வைக்கக் கூடாது, குடித்தவர்கள் எந்த நேரத்திலும் இறங்கக் கூடாது, தனியாக யாரையும் விட்டுவிட்டு அறைக்குத் திரும்பக் கூடாது. பிளேனோ அம்மாவுக்கு எழுதியதை அவளிடம் உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள்.

டல்லாஸ் அம்மா: பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் ஏர்போர்ட்ல விடுவாங்களா?

தெரியாது. எனக்கும் ஒரு பாட்டில் அனுப்பினால் சோதித்துச் சொல்கிறேன்.

சியாட்டில் அப்பா: இருக்கற இடத்தைக் காட்டற லைஃப்360 ஆப் போட்டா போதாதா?

போன் எங்கே இருக்கிறது என்று தெரியும். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று தெரியாது. போடுங்கள், ஆனால் அவளுக்குத் தெரிந்து போடுங்கள். ஒளித்துப் போட்டால் போனை அறையிலேயே வைத்துவிட்டுப் போவாள். கூட வரும் தோழிகள் ஒருவருக்கொருவர் லொகேஷன் பகிர்ந்துகொள்வது இன்னும் பயன்.

பாஸ்டன் அக்கா: டிரிங்க்ல ஏதாவது கலந்துட்டதா சந்தேகம் வந்தா?

குடித்த அளவுக்குப் பொருந்தாத தள்ளாட்டமோ மயக்கமோ இருந்தால் நேராக ஈஆர். சில மருந்துகள் சுமார் 12 மணி நேரத்தில் சிறுநீரிலிருந்தும் மறைந்துவிடும், அதனால் ‘காலையில பாக்கலாம்’ என்பது கூடாது. சந்தேகத்தைச் சொன்னதற்காக எந்தப் பெண்ணையும் நாங்கள் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதில்லை.

அட்லாண்டா மாமி: கேன்கூன்...

மாமி!

ஆஸ்டின் அம்மா: ப்ளோரிடாவுல பனாமா சிட்டி பீச்சுக்கு ஆறு பசங்க, எல்லாருக்கும் 17, 18. ஒருத்தனோட அண்ணன் 22 வயசு, அவன்தான் பொறுப்பு. போதும்தானே?

அந்த அண்ணனுக்கு முதலில் இதைப் புரியவையுங்கள்: 21 ஆகாதவனுக்குப் பீர் வாங்கிக் கொடுத்தால் குற்றவாளி அவன்தான். அங்கே மார்ச் மாதம் மணலில் யாருமே குடிக்கக் கூடாது, 50 வயதுக்காரரும்தான். அறை எடுக்கும்போது கீழ்த்தளமாகக் கேளுங்கள். பால்கனிக்குப் பால்கனி தாவி, கம்பியில் உட்கார்ந்து விழுகிற பிள்ளைகள் ஒவ்வொரு சீசனிலும் வருகிறார்கள். இதற்கெல்லாம் முன்னால் ரிசார்ட்டுக்குப் போன் போட்டு, செக்-இன் செய்ய எத்தனை வயதாகணும் என்று கேளுங்கள். ஸ்பிரிங் பிரேக் சமயத்தில் அங்கே பல இடங்களில் 21, சில இடங்களில் 25. அந்த ஒரு போனிலேயே உங்கள் பாதிக் கவலை தீர்ந்துவிடலாம், பயணமே ரத்தாகி.