ஆத்தாளுக்கு வாய் காய்கிறது, பல்லையெல்லாம் எடுத்துவிடலாமா?

கேள்வி: எங்கள் ஆத்தாளுக்கு வயது 53. ஒரு வருடமாக வாய் காய்ந்தே கிடக்கிறது. மாவுருண்டை ஒரு வாய் விழுங்கக்கூடத் தண்ணீர் வேண்டும். கண்ணில் மண் விழுந்தது போல உறுத்துகிறதாம். பல்லெல்லாம் ஈறோரமாகச் சொத்தை. மொத்தமாக எடுத்துவிட்டு இம்பிளான்ட் வைக்கலாம் என்று, தெரிந்த ஒருவர் மதுரையில் 'பேக்கேஜ்' பேசித் தருகிறார். செய்யலாமா?
வாசகி, பள்ளத்தூர்

பதில்: முன்பணம் எதுவும் கொடுத்துவிடவில்லையே? கொடுக்காதீர்கள். பல்லை அடுத்த மாதம்கூட எடுத்துக்கொள்ளலாம். எடுத்த பல்லைத் திருப்பி வைக்க முடியாது.

பல்லைவிட அந்தக் கண் உறுத்தல்தான் என்னை யோசிக்க வைக்கிறது. கிருமியோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்புச் சக்தி, எச்சில் சுரப்பியையும் கண்ணீர்ச் சுரப்பியையும் தாக்குகிற நோய் ஒன்று உண்டு. ஷோகிரன் நோய் என்பார்கள். 1933இல் அதை விரிவாக எழுதிய ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவரின் பெயர். வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் நடுவயதுக்காரர்கள். நம் பக்கம் அதற்கு 'உடம்புச் சூடு' என்று பெயர் வைத்து, வெந்தயமும் இளநீரும் கொடுத்தே வருடங்களை ஓட்டிவிடுவோம்.

எச்சில் வற்றினால் வாயில் ஊறும் அமிலத்தைக் கழுவ ஆளில்லை. சொத்தை ஈறோரத்தில் வரிசையாக விழும். பல் டாக்டர் அடைக்கிறார், கண் டாக்டர் சொட்டு மருந்து தருகிறார், மூட்டு வலிக்கு இன்னொருவர் மாத்திரை எழுதுகிறார். மூன்று சீட்டையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்க நம் ஊரில் யாருக்கும் நேரமில்லை. அந்த வேலையையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். சாப்பிடும் மாத்திரைகளையும் கையோடு கொண்டுபோங்கள். அலர்ஜி மாத்திரையும் மனச்சோர்வு மாத்திரையும்கூட வாயை உலர்த்தும்.

கண் டாக்டரிடம் கீழிமையில் தாள் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 5 நிமிடத்தில் 5 மில்லிமீட்டருக்கு மேல் நனையாவிட்டால் கண் வறட்சிதான். அப்புறம் எஸ்.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை; சொந்த உடம்பையே குறிவைக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அது 'இல்லை' என்று வந்துவிட்டால் நோய் இல்லை என்று லேப்காரரே சொல்லி அனுப்பிவிடுவார். இல்லை என்று வந்தும் நோய் இருப்பவர்கள் உண்டு. நன்றாகக் கேளுங்கள்: ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை, ஆனால் வாயும் கண்ணும் காய்கின்றன என்றால் விஷயம் முடியவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, கீழுதட்டின் உள்பக்கமிருந்து மிளகளவுச் சின்னச் சுரப்பிகள் சிலவற்றை எடுத்துப் பார்க்க வேண்டும். ரத்தம் சொல்லாததை உதடு சொல்லும். 'பயாப்ஸியா, புற்றுநோயா' என்று ஆத்தா பயப்படுவார்கள். அதற்காக எடுப்பதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நோய் உறுதியானால் மூட்டுவாத நிபுணரிடம் போக வேண்டும். எச்சிலைச் சுரக்க வைக்கும் மாத்திரை உண்டு; ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காதுக்குக் கீழே வீக்கம் வந்து வற்றாமல் நின்றால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

அதுவரை ஃப்ளோரைடு உள்ள பற்பசை, அடிக்கடி ஒரு மடக்குத் தண்ணீர். வாய் ஊறட்டும் என்று புளிப்பு மிட்டாய் சப்ப வேண்டாம். மிச்சமுள்ள பல்லையும் அது தின்றுவிடும்.

பேக்கேஜ் பேசியவருக்குப் பல்லுக்கு இத்தனை என்று கமிஷன் போகும். மறுபடி போன் செய்தால், உதட்டுப் பயாப்ஸி ரிப்போர்ட் வரட்டும் என்று சொல்லி வைத்துவிடுங்கள்.