முதலில் ஃபேன், அப்புறம் ட்ரெய்னர்: சைக்கிள் கேள்வி பதில்

வடகிழக்குப் பருவமழை இறங்கியதிலிருந்து வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் டர்போ ட்ரெய்னர் பற்றித்தான், அதாவது சைக்கிளை வீட்டுக்குள் ஒரே இடத்தில் நிறுத்தி மிதிக்க உதவும் கருவி. இந்த முறை முழுப் பக்கத்தையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

*

மழையால் ஈ.சி.ஆர். பக்கம் போகவே முடியவில்லை அக்கா. ட்ரெய்னர் வாங்கலாம் என்று இருக்கிறேன். "வாங்கினால் டைரக்ட் டிரைவ் வாங்கு, மற்றதெல்லாம் வேஸ்ட்" என்கிறார்கள் நண்பர்கள். என்னுடையது 7 கியர் உள்ள பழைய ரோடு பைக். எதை வாங்குவது?
– ஒரு வாசகர், வேளச்சேரி

கடைக்குப் போவதற்கு முன் வண்டியைத் திருப்பிப் போட்டுப் பின்சக்கரத்தைப் பாருங்கள். 7 கியர் வண்டிகளில் பெரும்பாலும் பல்சக்கரங்கள் மொத்தமாக ஹப்பின் மேல் திருகி ஏற்றப்பட்டிருக்கும். அதுதான் ஃப்ரீவீல். டைரக்ட் டிரைவ் ட்ரெய்னரில் பின்சக்கரத்தையே கழற்றிவிட்டு, ட்ரெய்னரோடு இருக்கும் கேசட்டில், அதாவது பல்சக்கர அடுக்கில், செயினை மாட்ட வேண்டும். உங்கள் ஃப்ரீவீல் அதில் ஏறாது. தனியாக கேசட் வாங்கி, இடைவெளியை நிரப்பும் ஸ்பேசர் வளையம் போட்டு, பின் கியரை மறுபடி டியூன் செய்து ஓட்டலாம்தான். ஆனால் மழை விட்டு ரோட்டுக்குப் போகும் ஒவ்வொரு வாரமும் சக்கரத்தைத் திரும்ப மாட்டிக் கியரைச் சரிபார்க்க வேண்டியிருக்கும். வேலைக்குப் போகிறவருக்கு அது ஒத்துவராது.

உங்களுக்கு வீல்-ஆன் போதும், அதாவது பின்சக்கரத்தைக் கழற்றாமல் டயரை ஓர் உருளையில் அழுத்தி ஓட்டும் வகை. வேஸ்ட் என்பவர்களை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஃப்ளூயிட் வகை என்றால் உள்ளே எண்ணெயில் ஒரு விசிறி சுழலும். வேகம் கூடக்கூடத் தடையும் தானாகக் கூடும், ரோட்டில் மிதிப்பதற்கு ஓரளவு நெருக்கமாக இருக்கும். பின்சக்கரத்தின் நடுவில் செருகும் கம்பிக்குப் பெயர் ஸ்கூவர். பெட்டியில் வரும் இரும்பு ஸ்கூவரைத்தான் போட வேண்டும், வண்டியில் ஏற்கெனவே இருப்பதை அல்ல. ட்ரெய்னரின் உருளை டயரைத் தொட்டபிறகு இரண்டு மூன்று சுற்று இறுக்கினால் பொதுவாகச் சரியாக இருக்கும், மாடலுக்கான கணக்கு கையேட்டில் இருக்கும். சட்டென்று அழுத்தி மிதித்துப் பாருங்கள். டயர் வழுக்கினால் இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். ஒவ்வொரு முறையும் டயரில் ஒரே அளவு காற்று இருக்கட்டும், இல்லாவிட்டால் நேற்றைய ரைடையும் இன்றைய ரைடையும் ஒப்பிட முடியாது. ட்ரெய்னருக்கென்றே கெட்டியான ரப்பரில் டயர் விற்கிறார்கள். தினமும் ஓட்டுவதாக இருந்தால் வாங்குங்கள், ஆனால் அதோடு ரோட்டுக்குப் போகாதீர்கள். ஈரத்தில் பிடிப்பே இருக்காது.

இதில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பெரிய பெடஸ்டல் ஃபேன் வாங்குங்கள். டைரக்ட் டிரைவ் வாங்குகிறவருக்கும் முதலில் ஃபேன் என்றுதான் சொல்வேன். பெடலில் நீங்கள் 200 வாட் கொடுக்கிறீர்கள் என்றால், உடம்பு செலவழிப்பது அதைப்போல் நான்கு, ஐந்து மடங்கு. மிச்சம் அத்தனையும் சூடு. 600, 800 வாட். அதாவது கிட்டத்தட்ட ஓர் இஸ்திரிப்பெட்டி. ரோட்டில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்று அந்தச் சூட்டைக் கொண்டுபோய்விடும். வீட்டுக்குள் நாம் நகர்வதில்லை, வியர்வை உடம்பிலேயே நிற்கும். அதிலும் மழைக்காலச் சென்னைக் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் வியர்வை காயவே காயாது. இருபது நிமிடத்தில் இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே போகும், கால் தளரும். "ஸ்டாமினா போய்விட்டது" என்று நிறையப் பேர் எழுதுவது இந்த இடத்தில்தான். ஸ்டாமினா எங்கேயும் போகவில்லை, காற்றுதான் வரவில்லை. ஃபேனை முன்னால், நெஞ்சுக்கு நேராக, முழு வேகத்தில் வையுங்கள். மேலே ஓடும் சீலிங் ஃபேன் முதுகுக்கு மட்டும்தான் உதவும். ஏ.சி. அறை என்றால் டிரை மோடில் போடுங்கள், ஃபேனையும் நிறுத்தாதீர்கள்.

*

இரண்டாவது மாடியில் இருக்கிறோம். காலை ஐந்து மணிக்கு மிதித்தால் கீழ் வீட்டு மாமி "மேலே என்ன மாவு மில் ஓடுதா?" என்று கேட்கிறார். இருட்டில் தனியாக ரோட்டுக்குப் போக வீட்டில் விட மாட்டார்கள். எனக்கு இருப்பது இந்த ஒரு மணி நேரம்தான் மேடம்.
– ஒரு வாசகி, ஆதம்பாக்கம்

அந்த ஒரு மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள். வழி இருக்கிறது.

உங்கள் அறையில் கேட்கும் சத்தம் வேறு, கீழே கேட்பது வேறு. டயரின் 'உய்' சத்தம் உங்கள் வீட்டோடு நின்றுவிடும். கீழே போவது அதிர்வு, தரை வழியாக. அதனால் யோகா மேட் ஒன்றை மட்டும் விரித்தால் பெரிய பலன் இருக்காது. ஜிம்களில் போடும் தடித்த ரப்பர் டைல்களை அடியில் போட்டு, அதற்கு மேல் மெத்தென்ற ஃபோம் மேட், அதற்கு மேல் ஓர் அகலமான பிளைவுட் பலகை, பலகையின் மேல் ட்ரெய்னர். முன்சக்கரமும் அதே பலகையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் வண்டி முன்பக்கம் சரியும். அப்புறம் இடம். அறையின் நடுவில் தளம் அதிகமாக அதிரும். தூணும் உத்தரமும் சேரும் மூலையில் குறைவாக அதிரும். இப்போது எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஹாலின் நடுவில் என்றால் இன்றைக்கே மூலைக்கு மாற்றுங்கள். குட்டிக் குட்டிப் பொத்தான் உள்ள எம்.டி.பி. (மலைப்பாதை சைக்கிள்) டயர் என்றால் வழுவழுப்பான டயராக மாற்றியே ஆக வேண்டும், பாதி அதிர்வு அதிலிருந்துதான் வருகிறது.

செய்து முடித்தபின் ஒரு நாள் மாலை உங்கள் வீட்டில் யாரையாவது மிதிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் கீழே போய் மாமி வீட்டில் உட்கார்ந்து கேளுங்கள். அவருக்கும் நீங்கள் அக்கறைப்பட்டது தெரியும்.

*

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நான் ட்ரெய்னர் ரைடு போட்டால் போதும், ஆரம்பித்துவிடுவார்கள். "வீட்டுச் சாவியே எடுக்காம மகாபலிபுரம் போய்ட்டு வந்துட்டான்." "கிச்சன் பக்கம் டிராஃபிக் எப்படி மச்சான்?" சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் இது நிஜமாகவே ரைடுதானா?
– ஒரு வாசகர், குரோம்பேட்டை

ரைடுதான். 2016 பிப்ரவரியில் ஆஸ்திரேலிய வீரர் மேத்யூ ஹேமன் பெல்ஜியத்தில் ஒரு போட்டியில் விழுந்து கையில் ரேடியஸ் எலும்பை முறித்துக்கொண்டார். கையில் கட்டோடு ரோட்டில் ஓட்ட முடியாது என்பதால் வீட்டில் ட்ரெய்னரில் ஏறி, ஸ்விஃப்ட் (Zwift) ஆப்பில், திரையில் ஓடும் கற்பனைப் பாதைகளில், மணிக்கணக்காக மிதித்தார். ஏப்ரலில் பிரான்சில் பாரிஸ்–ரூபே போட்டி. 250 கிலோமீட்டருக்கு மேல், அதில் பல பகுதிகள் கருங்கல் பாவிய பழைய பாதை. அதில் முதலாவதாக வந்தார், அப்போது அவருக்கு வயது 37. அந்த வெற்றியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இப்போதும் உற்சாகமாக இருக்கிறது. 2020-இல் சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பே ட்ரெய்னரில் ஓட்டுவதற்கு உலக சாம்பியன்ஷிப் நடத்தியது. ஆண்கள் பிரிவில் வென்ற ஜேசன் ஆஸ்போர்ன் அப்போது துடுப்புப் படகு வீரர். அடுத்த ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் துடுப்புப் படகில் வெள்ளியும் வாங்கினார்.

அதே சமயம் உங்கள் நண்பர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ட்ரெய்னர் காட்டும் கிலோமீட்டர் ஒரு கணக்குதான், அதை ரோட்டு கிலோமீட்டரோடு கூட்ட வேண்டாம். ரைடுகளைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா ஆப்பே 'விர்ச்சுவல் ரைடு' என்று தனியாகத்தான் வைக்கிறது. குழுவில் போடும்போது தூரத்துக்குப் பதில் நேரத்தையும் வாட்டையும் போடுங்கள்: "50 நிமிடம், சராசரி 160 வாட்." இதைக் கிண்டல் செய்வது கஷ்டம்! இன்னொன்று, கூட்டமாகச் சக்கரத்தோடு சக்கரம் ஓட்டுவதும், வளைவில் வண்டியைச் சாய்ப்பதும், குழியைப் பார்த்துக் கைகாட்டுவதும் ட்ரெய்னரில் வராது. மழை விட்டதும் முதல் இரண்டு ரைடில் பின்வரிசையில் ஓட்டுங்கள். கால் தயாராக இருந்தாலும் கைக்குப் பழக்கம் திரும்ப வேண்டும்.

எங்கள் திருவான்மியூர் குழுவில் மழைக்காலத்தில் ஒரு வழக்கம் உண்டு. ட்ரெய்னர் இருப்பவர்கள் வாரம் ஒரு மாலை ஒரே நேரத்தில் ஏறிவிடுவோம். போனில் குழு அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும். யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் வீட்டில் பால் பொங்குகிறது, எல்லாம் கேட்கும். பேச்சு நின்றுபோனவரைத்தான் முதலில் கிண்டலடிப்பார்கள். ட்ரெய்னர் இல்லாதவர்களும் அழைப்பில் வந்து உட்கார்ந்து கலாய்ப்பார்கள். உங்களைக் கேலி செய்கிறவர்களை ஒரு மாலை வீட்டுக்கு வரச்சொல்லி, அந்தச் சீட்டில் பத்து நிமிடம் ஏற்றுங்கள். ரோட்டில் சிக்னலும் இறக்கமும் தரும் ஓய்வு இதில் கிடையாது, மிதிப்பதை நிறுத்தினால் நின்றுவிடும். அவர்களே சொல்வார்கள்.

*

ஸ்விஃப்ட்டில் என் நண்பர் ஒருவர் மலை ஏற்றத்தில் எல்லாரையும் முந்துகிறார். நேரில் பார்த்தால் 80 கிலோவுக்குக் குறைய மாட்டார்.
– பெயர் வேண்டாம் என்று எழுதிய ஒருவர்

அவர் எடையை என்ன போட்டிருக்கிறார் என்பதுதான் கேள்வி. ஏற்றத்தில் கணக்கு, வாட்டை எடையால் வகுப்பது. 240 வாட் கொடுக்கும் 80 கிலோ ஆள் என்றால் கிலோவுக்கு 3. அதே ஆள் 68 என்று போட்டால் மூன்றரை. ஸ்விஃப்ட்டில் உள்ள மலைப்பாதையான ஆல்ப் து ஸ்விஃப்ட்டின் 21 வளைவுகளில் அது நிமிடக்கணக்கில் வித்தியாசம் காட்டும். சண்டை வேண்டாம். அடுத்த சந்திப்பில் ஒரு எடை மெஷினைக் கொண்டுபோய் வைத்து, முதலில் நீங்கள் ஏறி உங்கள் எடையைச் சத்தமாகச் சொல்லுங்கள்.

*

லண்டன் பக்கம் ஹாரோவில் இருக்கிறோம். சனவரியில் கராஜில் ஐந்து டிகிரிதான் இருக்கும். எனக்கும் ஃபேன் வேண்டுமா?

வேண்டும். முதல் பத்து நிமிடம் ஜாக்கெட்டோடு ஓட்டிவிட்டு, பிறகு கழற்றிப் போட்டு ஃபேனைப் போடுங்கள். ஹேண்டில்பாரின் மேல் ஒரு துண்டு கட்டாயம். குளிரில் வியர்க்கவில்லை என்று நினைப்பீர்கள், ஹேண்டில் திரும்பும் இடத்தில் இருக்கும் பேரிங்கான ஹெட்செட்டுக்குள் இறங்கியபிறகுதான் தெரியும். போன மாதம் குழுவில் ஒருவருடைய வண்டியைக் கழற்றினோம். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் போல்ட்டில், அறுகோணக் குழிக்குள் வெள்ளையாக உப்பு கட்டியிருந்தது. ஆலன் சாவி உள்ளே போகவே இல்லை, ஊசியால் கீறி எடுக்க வேண்டியிருந்தது. உள்ளே பேரிங் பழுப்பாக இறுகி, ஹேண்டிலைத் திருப்பினால் நறநறவென்றது. மாதம் ஒருமுறை போல்ட்டுகளைத் துடைத்துத் துளி கிரீஸ் வையுங்கள். ஒவ்வொரு ரைடுக்குப் பிறகும் ஈரத்துணியால் ஒரு துடைப்பு, அப்புறம் காய்ந்த துணியால்.

*

எங்கள் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. ஸ்மார்ட் ட்ரெய்னர் வாங்கினால் பாதியில் நின்றுவிடுமா?
– ஒரு வாசகர், மணப்பாறை

ஸ்மார்ட் ட்ரெய்னர் என்றால் ஆப்போடு இணைந்து தடையைத் தானே மாற்றிக்கொள்ளும் வகை. நிற்குமா என்பது மாடலைப் பொறுத்தது. சில ட்ரெய்னர்கள் நாம் மிதிப்பதிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும், ஆனால் விலை கூடுதல். மற்றவற்றில் கரண்ட் போனதும் தடை திடீரென்று மாறும், ஆப்போடு தொடர்பும் அறுந்துவிடும். எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தால் தடுமாறும், அதனால் கரண்ட் சரியில்லாத நேரத்தில் உட்கார்ந்தே ஓட்டுங்கள். ட்ரெய்னருக்கான அடாப்டர் சிறியதுதான், வீட்டு இன்வெர்ட்டர் தாங்கும். ஆனால் இன்வெர்ட்டரில் ஒரே ஒரு பிளக்தான் மிச்சம் என்றால் அதில் ஃபேனைப் போடுங்கள். ட்ரெய்னர் நின்றால் இறங்கிவிடலாம். ஃபேன் நின்ற அறையில் தொடர்ந்து மிதிக்காதீர்கள். கரண்டே வேண்டாம் என்றால் வேளச்சேரி நண்பருக்குச் சொன்ன ஃப்ளூயிட் ட்ரெய்னர் உங்களுக்கும் பொருந்தும்.