கப்சூலுக்குள் இருந்த ஒன்றேமுக்கால் இலட்சம்

கேள்வி: வயது 44. வெள்ளவத்தையில் இருக்கிறேன், இறக்குமதிக் கம்பனி ஒன்றில் கணக்காளர். லண்டனில் இருக்கும் மச்சான் (மனைவியின் தம்பி) சொல்லி, இந்த வருடம் பிரித்தானிய நினைவு வெளியீட்டுப் புரூஃப் சவரின்கள் (தங்க நாணயங்கள்) ஐந்து வாங்கினேன். எல்லாச் செலவும் சேர்த்து ஒன்று 470,000 ரூபாய் அளவில் விழுந்தது. ஒன்று வந்ததும் அதை வங்கியில் அடகு வைத்து, மிச்சத்தைக் கையால் போட்டு அடுத்ததை வாங்கினேன். இப்படி நான்கு அடகில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 220,000 எடுத்தேன், வட்டி வருடத்துக்கு 14 வீதம். ஐந்தாவது மட்டும் திறக்காமல் வீட்டில் இருக்கிறது. இப்போது மச்சான் ஆறாவது ஒன்றை எனக்கென்று பிடித்து வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் காசு அனுப்பவேண்டுமாம். “குறைந்த எண்ணிக்கைதான் அடித்திருக்கிறார்கள், வரியும் இல்லை, விட்டால் கிடைக்காது” என்கிறார். மனைவியின் காப்புகளை அடகு வைக்கலாமா? இல்லை, இரண்டு மாதத்தில் தையில் விழும் 300,000 ரூபாய்ச் சீட்டை இப்போதே கழிவுக்கு எடுக்கலாமா?

பதில்: காப்பு மனைவியின் கையிலேயே இருக்கட்டும். ஆறாவது நாணயம் வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை என்ற கெடு மச்சானுடைய வசதிக்கு வைத்தது.

நீங்கள் கணக்காளர். வட்டி என்றால் என்ன, தங்கம் ஏறி இறங்கும் என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாணயம் சேர்ப்பதும் பிழையில்லை. பிழை, சேர்ப்பதற்காக வாங்கியதை அடகுக்குக் கொண்டுபோவது. அதில் வட்டி மட்டுமா போகிறது? நாணயமே கெட்டுப்போகிறது. இந்த இரண்டாவது விஷயம் உங்கள் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை.

ஒரு சவரின் 7.988 கிராம், 22 கரட். சுத்தத் தங்கம் 7.32 கிராம். கணக்கு இலகுவாக இருக்க, 24 கரட் கிராம் 40,000 ரூபாய் என்று வைப்போம். உலோகப் பெறுமதி 293,000. நீங்கள் கொடுத்தது 470,000. மேலதிகமாகப் போன 177,000 தங்கத்துக்குக் கொடுத்த காசு இல்லை. கண்ணாடிபோல மினுக்கிய தளம், பனி படிந்ததுபோன்ற உருவம், பெட்டி, இலக்கமிட்ட சான்றிதழ், இவற்றுக்குக் கொடுத்தது. புரூஃப் என்பது தரத்தின் பெயரும் இல்லை, அடிக்கும் முறையின் பெயர்: மினுக்கிய அச்சு, மினுக்கிய வில்லை, ஒன்றுக்கு மேற்பட்ட அடி. அந்தத் தளத்தில் பெருவிரல் ரேகை ஒன்று பட்டாலே சேகரிப்பாளர் விலையைக் குறைப்பார். துணியால் துடைத்தால் இன்னும் மோசம், மயிர்க் கீறல்கள் விழும்.

இனி அடகுக் கவுண்டரை நினைத்துப் பாருங்கள். அலுவலர் நாணயம் இருக்கும் பிளாஸ்டிக் கூட்டை, அதாவது கப்சூலைத் திறந்து, நாணயத்தைக் கையால் எடுத்து, விளிம்பை உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்து, கோட்டில் அமிலத் துளி விட்டுப் பார்க்கிறார். பிறகு தராசு. பிறகு சின்னப் பொலித்தீன் பையில் போட்டு, இலக்கம் எழுதி, முத்திரை. அவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறார், அவருக்கு அது ஏறக்குறைய ஒரு பவுண் 22 கரட் தங்கம், அவ்வளவுதான். ஆனால் விளிம்பில் விழுந்த அந்த ஒரு கோட்டோடு உங்கள் 177,000 இல் பெரும்பகுதி போய்விடுகிறது. பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. மாதிரியான தரமிடும் நிறுவனங்களின் பிளாஸ்டிக் உறையில் இருந்தாலும் கதை இதுதான். உறையை உடைக்காமல் உரைத்துப் பார்க்க முடியாது.

ஐந்துக்கும் சேர்த்தால் மேலதிகமாகக் கொடுத்தது 885,000. நான்கின் அடகுக் கடன் 880,000. அதாவது பெட்டிக்கும் மினுக்கலுக்கும் கொடுத்த தொகை ஏறக்குறைய முழுவதையும் வங்கியிடம் கடனாக வாங்கியிருக்கிறீர்கள். அதற்கு மாதம் 10,300 ரூபாய் அளவில் வட்டியும் கட்டுகிறீர்கள்.

“தங்கம் ஏறினால் எல்லாம் சரி” என்று மச்சான் சொல்வார். கொழும்பு நகைக்கடைகள் உள்ள செட்டியார் தெருவில் உலோகப் பெறுமதியில் 3 வீதம் கழித்து எடுத்தார்கள் என்று வையுங்கள், கையில் வருவது 284,000. போட்ட 470,000 திரும்பி வர, கிராம் 40,000 இலிருந்து 66,000 க்கு ஏறவேண்டும். வட்டியை இதில் நான் சேர்க்கவே இல்லை.

குறைந்த எண்ணிக்கை என்ற பேச்சுக்கு வருவோம். ஒரு வடிவம் 500 தான் என்று சொல்லும் நாணயச்சாலை, அதே ஆண்டில் கால், அரை, இரட்டை, தனி முத்திரை வைத்தது, பின்னணி மாற்றியது என்று வெளியிட்டுக்கொண்டே போகும். எத்தனை அடித்தார்கள் என்பதைவிட, வெளியீட்டு ஆரவாரம் ஓய்ந்தபின் எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதே விலையைத் தீர்மானிக்கிறது. 1989 இல் சவரினின் 500 ஆண்டு நிறைவுக்கு, அரசி சிம்மாசனத்தில் இருக்கும் வடிவத்தில் ஒரு புரூஃப் வந்தது. அந்த ஒரே வருட வடிவம், சவரின் வரிசையை நிரப்ப நினைக்கும் எல்லோருக்கும் வேண்டும். அதனால் உலோக விலைக்கு மிக மேலே நிற்கிறது. 1979 புரூஃபும் அழகான நாணயம்தான், ஆனால் 50,000 அடித்தார்கள், வழமையான குதிரைவீரன் வடிவம். அது பெரும்பாலும் தங்கத்தின் விலையை ஒட்டியே கைமாறுகிறது. தரமிடும் நிறுவனம் உறையில் ஒட்டும் 70 க்கு 70 என்ற புள்ளிக்கும் மயங்கவேண்டாம். நேரே நாணயச்சாலையிலிருந்து வரும் புது நாணயங்களில் 69 உம் 70 உம் தாராளமாகக் கிடைக்கும்.

வரி இல்லை என்பது உண்மை, ஆனால் மச்சானுக்கு. சவரின் அந்த நாட்டின் சட்டபூர்வ நாணயம் என்பதால், அங்கே வரி கட்டுபவர் விற்கும்போது மூலதன ஆதாய வரி வராது. கொழும்பு 6 இல் இருக்கும் உங்களுக்கு அந்தச் சலுகையால் என்ன பயன்? அவ்வளவு உறுதியாக ஏறும் என்றால் ஆறாவதை அவரே வைத்திருக்கலாம். சந்தையும் அங்கே, வரிச் சலுகையும் அங்கே. உறவு கெடாமல் சொல்ல இந்த ஒரு வசனமே போதும்.

சீட்டைப் பற்றி. கழிவுக்கு எடுக்கலாம், நாணயம் வாங்க இல்லை, மீட்க. இரண்டு மாதம் காத்திருந்தால் நான்கு அடகுக்கும் வட்டி 20,500 அளவில் வரும். கழிவு அதைவிடக் கூடினால் தைவரை பொறுங்கள்.

300,000 கையில் வந்ததும் நான்கையும் ஒரேயடியாக மீட்கப் பார்க்கவேண்டாம், ஒவ்வொன்றாக. முதலாவதை மீட்க வட்டியோடு 230,000 போகும், கையில் 70,000 மிஞ்சும். மீட்ட நாணயத்தைச் செட்டியார் தெருவில் நிறைக்கு விற்றால் 284,000, மொத்தம் 354,000. அதில் இரண்டாவதை மீட்டு விற்றால் 408,000. மூன்றாவதோடு 462,000. நான்காவதோடு 516,000, கடன் பூச்சியம். வேலை ஒரு கிழமைக்குள் முடியும். விற்க முன் மூன்று கடையிலாவது விலை கேளுங்கள். எக்ஸ் கதிரால் உலோகத்தைச் சோதிக்கும் எக்ஸ்.ஆர்.எஃப். கருவி உள்ள கடை என்றால் கீறாமலே கரட்டைப் பார்த்துவிடுவார்கள்.

விற்க மனம் வராது, தெரியும். ஒன்றை வைத்துக்கொள்ள ஆசை என்றால் நான்காவதை வையுங்கள், கையில் 232,000 இருக்கும். கீறல் படாத ஒன்று தற்செயலாக இருந்தால் அதுவே அந்த நான்காவது.

வீட்டில் இருக்கும் ஐந்தாவதுதான் உங்களிடம் இன்னும் சேகரிப்பு நாணயமாக இருப்பது. திறக்கவேண்டாம். வெள்ளவத்தைக் கடற்காற்றுக்கு 22 கரட்டில் உள்ள செம்பு சிவப்புப் புள்ளியாக வெளியே வரலாம். காற்றுப் புகாத டப்பாவில் பெட்டியோடு போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று வைத்து, அதை அவ்வப்போது மாற்றுங்கள். மென்மையான பி.வி.சி. உறை பக்கமே போகக்கூடாது, நாளடைவில் பச்சைப் பிசின் கக்கும். இதை விற்பதானால் லண்டன்தான் இடம். மச்சான் அடுத்தமுறை வரும்போது பெட்டி, சான்றிதழோடு அவரிடமே கொடுத்து ஏலத்தில் போடச் சொல்லலாம். ஏலக் கொமிஷன் போகக் கையில் என்ன வரும் என்று முதலில் எழுத்தில் கேளுங்கள். அந்தப் பதில் வரும்போது மச்சானுக்கும் சில விஷயம் விளங்கும்.

தங்கம் என்றே வேண்டுமானால் ஆண்டும் வடிவமும் பாராமல் சாதாரண சவரின் போதும். செட்டியார் தெருவிலோ தெரிந்தவரிடமோ வாங்கும்போது குறுக்களவு 22.05 மி.மீ., தடிப்பு 1.52 மி.மீ. இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு தசமம் காட்டும் தராசில் தண்ணீர்க் கோப்பையை வைத்துப் பூச்சியமாக்கி, நாணயத்தை நூலில் கட்டி அடியில் முட்டாமல் அமிழ்த்துங்கள். 0.45 அல்லது 0.46 கிராம் காட்டவேண்டும். 18 கரட் என்றால் 0.51 பக்கம் போகும், பித்தளைக்கு முலாம் என்றால் 0.9 ஐத் தாண்டும். புரூஃபை இப்படி நனைக்கக்கூடாது. தாலிக்கொடியில் ஒட்டிக் கழற்றிய பழைய பவுணுக்கு நிறை விலைக்கு மேல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

சேகரிக்கும் ஆசைக்கு நம் மத்திய வங்கியின் நினைவு நாணயங்கள் இருக்கின்றன. சுதந்திரத்தின் 50 ஆம் ஆண்டுக்கு 1998 இல் வந்த 5000 ரூபாய்த் தங்க நாணயம் போன்ற சிலவற்றை விட்டால், மிச்சம் பெரும்பாலும் சம்பளக் காசிலேயே வாங்கக்கூடியவை. கோட்டை சதாம் வீதியில் உள்ள பொருளாதார வரலாற்று அரும்பொருட்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள்.

அடகு மீட்கப் போகும் நாளில் ரசீது, அடையாள அட்டையோடு நான்கு கப்சூல்களையும் பருத்திக் கையுறை ஒன்றையும் 10 மடங்கு லென்ஸையும் கொண்டுபோங்கள். முத்திரையை உங்கள் முன்னாலேயே உடைக்கச் சொல்லி, நிறை 7.98 க்குக் குறையாமல் இருக்கிறதா பாருங்கள். பிறகு விளிம்பைச் சுற்றிப் பார்த்து, உரைத்த கோடு உள்ளவற்றை ஒரு பையிலும் இல்லாததை வேறாகவும் வையுங்கள்.