ஸ்பெயினின் பழைய ‘எண்ணெய் ரயில்’ பாதையில் மூன்று நாள் சைக்கிள் பயணம்: பழக்கமில்லாதவர் போகலாமா?

கேள்வி இது: “ஆண்டலூசியாவில் ஆலிவ் எண்ணெய் ஏற்றிப்போன ரயிலின் பாதை இப்போது சைக்கிள் தடமாகிவிட்டதாம். ரயில் பாதை என்பதால் தரை மட்டமாகத்தான் இருக்கும் என்கிறார்கள். வாரத்துக்கு ஒருநாள் மட்டும் சைக்கிள் ஓட்டுகிறவர் போகலாமா? எதையெல்லாம் எடுத்துப்போக வேண்டும்?”

தாராளமாகப் போகலாம். ‘மட்டமாக இருக்கும்’ என்பதை மட்டும் நம்பாதீர்கள்.

நீங்கள் கேட்பது வியா வெர்தே தெல் அசேய்தே. ‘எண்ணெய்ப் பசுமை வழி’ என்று பொருள். ஹாயென் நகரில் தொடங்கி மார்தோஸ், அல்கவுதேத்தே, லுக்கே, சுவேரோஸ், தோன்யா மென்சியா, காப்ரா, லுசேனா வழியாகப் புவென்தே ஹெனில் பக்கம் முடிகிறது. அதிகாரப்பூர்வக் கணக்கில் 128 கி.மீ. முதல் 55 கி.மீ. ஹாயென் மாகாணம், மிச்சம் கோர்தோபா மாகாணம். முழுப்பாதையும் 1893-ல் திறந்தது. 1985-ல் ரயிலை நிறுத்தினார்கள். 1993-ல் ஸ்பெயின் ரயில்வே அறக்கட்டளை ஒருங்கிணைத்துத் தொடங்கிய திட்டத்தில்தான் இப்படிக் கைவிட்ட பாதைகள் ஒவ்வொன்றாகச் சைக்கிளுக்கும் நடைக்கும் மாறின. கார், மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. ஆலிவ் தோட்டத்து டிராக்டர் மட்டும் அங்கங்கே குறுக்கே வரும்.

இப்போது ஏற்றத்துக்கு வருவோம். நீராவி எஞ்சின் இழுக்கிற அளவுக்குத்தான் அந்தக் காலத்தில் ஏற்றம் வைப்பார்கள். பெரும்பாலும் 2 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். கண்ணுக்கு ஏற்றமாகவே தெரியாது. ஆனால் 2 சதவீதம் என்றால் கிலோமீட்டருக்கு 20 மீட்டர். 10 கி.மீ. விடாமல் ஏறினால் 200 மீட்டர், அறுபது மாடிக் கட்டடம் ஏறிய கணக்கு. நடுவில் இறக்கம் வராது, காலுக்கு ஓய்வும் கிடைக்காது. ‘தரை மட்டமாகத்தானே இருக்கிறது, ஏன் வண்டி நகர மாட்டேன் என்கிறது, பிரேக் உரசுகிறதா’ என்று இறங்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கிறவர்கள் இந்தத் தடத்தில் உண்டு. பிரேக்கில் ஒன்றும் இருக்காது.

ஹாயெனிலிருந்து மார்தோஸ் பக்கம் வரை மொத்தத்தில் ஏற்றம். அதன்பின் குவாதஹோஸ் ஆறு வரை இறக்கம். ஆற்றைத் தாண்டியதும் லுக்கே, சுவேரோஸ் வரை மறுபடி ஏற்றம். தோன்யா மென்சியா தாண்டிக் காப்ரா நோக்கி இறங்கும். கடைசியில் லுசேனாவுக்கு அப்பால் புவென்தே ஹெனில் வரை மொத்தத்தில் இறக்கம்தான். முதல்முறை போகிறவர்கள் ஹாயெனில் தொடங்குவதுதான் சரி. முதல் நாள் தெம்பு முதல் ஏற்றத்தோடு போய்விடும், கடைசி நாள் தடமே உங்களைத் தள்ளிக்கொண்டு போகும்.

ஏற்றத்தில் வேகத்தைப் பார்க்காதீர்கள், மிதிக்கும் எண்ணிக்கையைப் பாருங்கள். நிமிடத்துக்கு 75 முதல் 85 சுற்று, அதற்கு ஏற்ற கியர். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போக முடிய வேண்டும். மணிக்கு 12 கி.மீ. வந்தால் போதும்.

உண்மையில் ஆளைச் சாய்ப்பது தடம் இல்லை, ஊர். ரயில் மலையடிவாரத்திலேயே போயிற்று, ஊர்களோ குன்றின் மேல். அதனால் நிலையம் ஒரு இடம், ஊர் ஒரு இடம். அல்கவுதேத்தே, லுக்கே நிலையங்கள் ஊரை விட்டுச் சில கி.மீ. தள்ளி இருக்கின்றன. சுவேரோஸ் பாறை விளிம்பில் ஒட்டவைத்தது போன்ற வெள்ளை ஊர். நிலையத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஊர் தலைக்கு மேலே தெரியும். அந்தச் சாலை ரயில் ஏற்றம் மாதிரி தயவு காட்டாது. நாள் முழுக்க ஓட்டி, பையும் ஏற்றிய வண்டியோடு சாயங்காலம் அங்கே ஏறுவதற்காகத்தான் மிக லேசான கடைசிக் கியர் வேண்டும். முன் பல்சக்கரத்தை விடப் பின் பல்சக்கரம் பெரிதாக இருக்கட்டும்: முன்னால் 32 பல் என்றால் பின்னால் 42 பல். அப்படி இல்லாத வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை. அறை எடுக்கும்போது ‘ஊரில்’ என்று மட்டும் பார்க்காமல் நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்று வரைபடத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். தோன்யா மென்சியா, காப்ரா, லுசேனா மூன்றிலும் தடம் ஊரை ஒட்டியே போவதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு.

மூன்று நாளைப் பிரிப்பதும் இதை வைத்துத்தான். முதல் நாள் ஹாயெனிலிருந்து அல்கவுதேத்தே. இரண்டாம் நாள் குவாதஹோஸ் பாலம் தாண்டித் தோன்யா மென்சியா. தூரம் குறைவுதான், ஆனால் சுவேரோஸில் ஏறிப் பார்க்க நேரம் கிடைக்கும், அங்கே ஆட்டுப்பால் சீஸும் நன்றாக இருக்கும். மூன்றாம் நாள் காப்ரா, லுசேனா வழியாகக் கடைசி வரை. லுசேனா தாண்டினால் நிழலும் கடையும் குறைவு, தண்ணீரை அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். தடம் முடிகிற காம்போ ரியல் ஊர் அல்ல, பழைய சந்திப்பு நிலையம். புவென்தே ஹெனில் ஊருக்கு அங்கிருந்து இன்னும் சில கி.மீ. இருக்கிறது. ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் தோன்யா மென்சியாவில் வண்டி வாடகைக்கு எடுத்து இருபக்கமும் கொஞ்சம் கொஞ்சம் ஓட்டிப்பாருங்கள். தடத்தின் அழகான துண்டு அதுதான்.

தரை பெரும்பாலும் இறுக்கிய சரளைமண், இடையிடையே தார். பந்தய சைக்கிளின் மெல்லிய டயர் வேண்டாம். 40 மி.மீ. அகலம் இருந்தால் நிம்மதி. ஆள், சுமை எல்லாம் சேர்த்து 85, 90 கிலோ என்றால் முன்னால் 40, பின்னால் 45 பி.எஸ்.ஐ. நம் காற்றுக்கடைப் பேச்சில் 40 பாயிண்ட், 45 பாயிண்ட். ‘கல்லு மாதிரி’ அடித்தால் சரளையில் டயர் பிடி விட்டுத் துள்ளும், மணிக்கட்டு மரத்துப்போகும். ரொம்பக் குறைத்தால் கல்லில் மோதும்போது டியூபை ரிம் கடித்துப் பாம்புக்கடி போல இரட்டை ஓட்டை விழும்.

இந்தத் தடத்தில் பஞ்சர் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நெருஞ்சி. ஆமாம், நம் ஊர் நெருஞ்சியேதான், அதே மஞ்சள் பூ, அதே செடி. அங்கே அதன் பெயர் அப்ரோஹோ. கோடை முற்றிக் காய் உதிர்கிற செப்டம்பர், அக்டோபரில் தொல்லை அதிகம். தடத்தின் நடுவில் அவ்வளவாக இருக்காது. ஓரத்துக் காய்ந்த புல்லில்தான் கிடக்கும். படம் எடுக்க வண்டியை ஓரம் கட்டிப் புல்லில் சாய்க்கிறீர்களே, அங்கேதான் ஏறும். நிறுத்துவதானால் சரளையிலேயே நிறுத்துங்கள். கிளம்புமுன் இரண்டு டயரையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

பஞ்சர் ஆகிவிட்டால் ஒரு முள்ளை எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். நெருஞ்சி தனியாக ஏறுவதில்லை. டயரைக் கழற்றி உட்புறம் முழுவதும் கைக்குட்டையால் தடவி வாருங்கள். துணி மாட்டுகிற இடத்தில் முள் நுனி இருக்கும். விரலால் தடவினால் விரல் கிழியும். டியூபில் பாதிக் காற்று அடித்துக் காதருகே வைத்துச் சுற்றி, எல்லா ஓட்டையையும் கண்டுபிடித்த பிறகே ஒட்டுங்கள். இரண்டு மாற்று டியூப், எட்டுப் பத்து ஒட்டு, இரண்டு டயர் லீவர், ஒரு கைப்பம்பு எடுத்துக்கொள்ளுங்கள். டியூப் இல்லாத டயராக இருந்தால் இன்னும் நல்லது. 40 மி.மீ. டயருக்கு 60 முதல் 80 மி.லி. அடைப்புத் திரவம் ஊற்றுங்கள். சூட்டில் அது சீக்கிரம் காய்ந்துவிடும், பயணத்துக்கு முந்தைய வாரம் புதிதாக ஊற்றுவது நல்லது. முள்ளை எடுத்ததும் ஓட்டை தரைப்பக்கம் வரும்படி சக்கரத்தை நிறுத்திவையுங்கள், திரவம் அங்கே இறங்கி அடைத்துவிடும்.

மழை வேறு வகைத் தொல்லை. குன்றைப் பிளந்து பாதை போட்ட பள்ளமான இடங்களில் வெயில் விழாது, ஈரம் இருநாள் நிற்கும். ஆலிவ் தோட்டத்துக் களிமண் டயரில் அப்பிக்கொண்டு மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே கெட்டிப்பட்டுவிடும், சக்கரம் சுற்றாது. இதற்கு விரலகல இடைவெளி இருக்கும் மட்கார்டு, இல்லாவிட்டால் மட்கார்டே இல்லாமல் போவது. பெருமழைக்கு மறுநாள் மேலிருந்து உருண்ட கற்களும் தடத்தில் கிடக்கும். ஆலிவ் பறிப்பு நவம்பர் முதல் பிப்ரவரி வரை. அப்போது டிராக்டர்கள் குறுக்கும் நெடுக்கும் போய்ச் சேற்றைத் தடத்தில் கொட்டிவிட்டுப் போகும். ஹாயென் மாகாணத்தில் மட்டும் ஆலிவ் மரங்கள் 6 கோடிக்கு மேல், வேலையும் அதற்குத் தக்கபடிதான். மார்ச் முதல் மே வரை, செப்டம்பர் பாதி முதல் அக்டோபர் வரை நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், ஆலிவ் மரத்து நிழல் தடத்தில் விழாது. அப்போது போகாதீர்கள்.

சுரங்கங்கள் சிறியவை. ஹாயென் பகுதியில் இரண்டு, காப்ரா பக்கம் ஒன்று. எதுவும் அரை கிலோமீட்டர் நீளம்கூட இல்லை. வெளிச்சத்திலிருந்து நேராக உள்ளே நுழையும் முதல் சில நொடிகளில் கண் ஒன்றுமே காணாது, எதிரே நடந்து வருகிறவர் அந்த நேரத்தில்தான் அகப்படுவார். நுழையுமுன் கருப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள், முன்விளக்கைப் போடுங்கள், மணியடியுங்கள். சுரங்க விளக்கை நம்ப வேண்டாம். ஹாயென் பகுதியில் ஒன்பது இரும்புப் பாலங்கள். ஈஃபிள் பெயரைச் சேர்த்துச் சொல்வது அங்கே வழக்கம். அந்தக் காலத்துப் பாணி, அவ்வளவுதான். இரு மாகாணங்களுக்கும் எல்லையாக நிற்கும் குவாதஹோஸ் பாலம் 200 மீட்டருக்கு மேல் நீளம். பாலத்தின் மேல் பக்கக்காற்று திடீரென்று தள்ளும், பை கட்டிய வண்டி என்றால் இரு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள்.

வாடகை வண்டி எடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம் பிரேக். நம் ஊர் சைக்கிளில் வலது கை பிரேக் முன்சக்கரத்துக்கு. ஸ்பெயினில் பெரும்பாலும் இடது கைதான் முன்சக்கரம். பின்பிரேக் என்று நினைத்து இடதுகையால் பட்டென்று பிடித்தால் சரளையில் முன்சக்கரம் வழுக்கும், தோள் தரையில். கடை வாசலிலேயே வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு பிரேக்காகப் பிடித்துப் பாருங்கள். இந்த அமைப்பு ஒத்துவரவில்லை என்றால் இரண்டையும் இடம்மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். இருக்கை உயரத்துக்கு: செருப்பில்லாமல் நின்று தொடையிடுக்கிலிருந்து தரை வரை அளந்து 0.88-ஆல் பெருக்குங்கள். 78 செ.மீ. என்றால் 68.6 செ.மீ. பெடல் தண்டுகள் சேர்ந்து சுழலும் அச்சின் நடுப்புள்ளியிலிருந்து இருக்கையின் மேல்பரப்பு வரை அந்த அளவு இருக்கட்டும். இருக்கை தாழ்வாக இருந்தால் இரண்டாம் நாள் முழங்கால் முன்புறம் வலிக்கும். வலப்புறமாக ஓட்ட வேண்டும், இடப்புறமாக முந்த வேண்டும். ஊருக்கு வெளியே ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். 16 வயதுக்குக் கீழ் எங்கும் கட்டாயம். சாலையைக் கடக்கும் இடங்களில் கார் நுழையாதபடி தடத்தின் நடுவில் கம்பம் நட்டிருப்பார்கள். இறக்கத்தில் பேச்சு சுவாரசியத்தில் போகும் கூட்டத்தில் இரண்டாவதாக வருகிறவர்தான் அதில் மோதுவார், முன்னால் போகிறவர் மறைப்பதால்.

தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டர். நிலையத்துக் குழாயில் ‘நோ பொதாப்லே’ என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது. பகல் 2 முதல் 5 வரை கடைகள் மூடியிருக்கும், ஞாயிறு நாள் முழுக்க. மதியச் சாப்பாடு 2 மணிக்கு மேல், இரவுச் சாப்பாடு 8.30-க்கு முன் எதிர்பார்க்காதீர்கள். சைவர்கள் ‘சின் கார்னே’ (இறைச்சி இல்லாமல்) என்று சொன்னால் போதாது. பன்றித்தொடைத் துண்டும் சூரைமீனும் அங்கே பலருக்கு ‘இறைச்சி’க் கணக்கில் வராது. ‘சின் ஹாமோன், சின் ஆத்தூன்’ என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். தக்காளியும் ரொட்டியும் அரைத்த சால்மொரேஹோ குளிர்ச்சியாக இருக்கும், மேலே தூவுகிற ஹாமோனை வேண்டாம் என்று சொல்ல மறக்காதீர்கள். கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்த பண்டம், வறுத்த கத்தரிக்காயில் கரும்புப்பாகு ஊற்றியது இரண்டும் வயிற்றை நிரப்பும்.

சொந்த வண்டியோடு போகிறவர்கள் கோர்தோபாவிலிருந்து ஹாயெனுக்கு நடுத்தரத் தூர ரயிலில் போகலாம். சைக்கிளுக்கு இடம் சிலதே, டிக்கெட்டோடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள். தடத்தின் தொடக்கம் நகரின் விளிம்பில் உள்ள லாஸ் ஃபுவென்தேசுவேலாஸ் விளையாட்டு மைதானத்தின் பக்கம். திரும்பும்போதுதான் சிக்கல்: புவென்தே ஹெனிலில் நிற்கும் அதிவேக ரயிலில் முழுச் சைக்கிளை ஏற்ற விடமாட்டார்கள், கழற்றிப் பையில் போட்டிருக்க வேண்டும். அளவு 120க்கு 90க்கு 40 செ.மீ. அதற்கு முன்சக்கரத்தோடு பின்சக்கரம், பெடல், ஹேண்டில்பார் எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும். இடப்பெடல் மறை நேர்மாறானது. பெடல் இருக்கும் வெளிப்பக்கமிருந்து பார்க்கும்போது கடிகார முள் சுற்றும் பக்கம் திருகினால்தான் கழலும். 15 மி.மீ. ஸ்பானரோ 6, 8 மி.மீ. அறுகோணச் சாவியோ எது பொருந்துகிறது என்று வீட்டிலேயே பார்த்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.