தளபதிக்கு ஏன் கறுப்பு உடை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கில்பர்ட் ஸ்டூவர்ட் வரைந்த ஜார்ஜ் வாஷிங்டனின் ‘லேன்ஸ்டவுன்’ படத்தை அச்சில் பார்த்தேன். போரில் வென்ற தளபதிக்கு ஏன் ராணுவ உடை இல்லை? வாய் ஏன் அப்படி உப்பி இறுகியிருக்கிறது? 1814இல் வெள்ளை மாளிகை எரிந்தபோது அன்றைய அதிபரின் மனைவி டாலி மேடிசன் கத்தியால் அறுத்தெடுத்தது இதைத்தானா?

ர.

அன்புள்ள ர.,

படம் யாருக்காக வரையப்பட்டது என்று பார்த்தால் உடை புரியும். 1796இல், அன்றைய தலைநகரான பிலடெல்பியாவில், செனட்டர் வில்லியம் பிங்ஹாம் இதை வரையச் சொன்னது லேன்ஸ்டவுன் பிரபுவுக்குப் பரிசளிக்க. அவர் 1782இல் அமெரிக்காவோடு சமாதானம் பேசிய பிரிட்டிஷ் பிரதமர். அமெரிக்கத் தூதர் ஜான் ஜே பிரிட்டனோடு செய்த 1794இன் ஜே ஒப்பந்தத்தையும் ஆதரித்தவர். தோற்ற நாட்டின் பெரிய மனிதர் வீட்டுக்கு வென்றவரை ராணுவ உடையில் அனுப்பினால் அது நட்பாக இருக்காது. ஒப்பந்தமோ அமெரிக்காவிலேயே ஜேயின் கொடும்பாவியை எரிக்கும் அளவுக்குக் கசந்திருந்தது.

சார்ல்ஸ் வில்சன் பீல் 1779இல் வரைந்த வாஷிங்டன், பீரங்கியில் சாய்ந்து நிற்கிறார். போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஸ்டூவர்ட்டின் வாஷிங்டன் பதவிக்காலத்தின் கடைசியில் இருப்பவர். எட்டடி உயரத் துணியில் தூண், சிவப்புத் திரை, நாற்காலி, நீட்டிய கை என எல்லாமே ஐரோப்பிய அரசவைப் படங்களின் சரக்குதான். ஆனால் கிரீடம் இருக்கவேண்டிய மேசையில் மைக்கூடும் இறகுப்பேனாவும் இருக்கின்றன. வாள் உறையில், இடக்கையில். மேசையடியில் அரசியல் சாசனப் புத்தகம். புயல் ஓய்ந்த வானத்தில் வானவில். அது கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம்.

முகத்துக்குத்தான் வாஷிங்டன் அமர்ந்தார். உடலுக்கு வேறு ஆட்கள் நின்றார்கள். தலை ஒட்டவைத்ததுபோல் தெரிவது அதனால்தான்.

வாய்க்குக் காரணம் புதுப் பொய்ப்பல். நீர்யானைத் தந்தம், மனிதப் பல், ஈயம் ஆகியவற்றால் ஆனவை அவருடைய பல்செட்டுகள், மரத்தால் அல்ல. இரண்டு தாடைகளையும் இணைத்த சுருள்வில் அவற்றை விலக்கித் தள்ளும். வாயை மூடிவைக்கவே இறுக்கிப் பிடிக்கவேண்டும், உதடு உப்பிவிடும்.

1814இல் காப்பாற்றப்பட்டது மூலம் அல்ல, பிரதி. மூலம் அப்போது இங்கிலாந்தில் இருந்தது. 2001இல்தான் இரண்டு கோடி டாலருக்கு வாஷிங்டன் நகரின் தேசிய உருவப்பட அருங்காட்சியகம் அதை வாங்கியது. பிரதி 1800இல் 800 டாலருக்கு வெள்ளை மாளிகைக்கு வாங்கப்பட்டது. கத்திக் கதைக்கு டாலியின் கடிதமே பதில்: படச் சட்டகத்தைச் சுவரிலிருந்து திருகிக் கழற்ற நேரமில்லை, அதனால் உடைத்துத் துணியை வெளியே எடுக்கச் சொன்னேன் என்கிறார். உடைத்தவர்களும் பணியாட்கள்தான்.

இரண்டையும் பிரித்தறிய, மேசையடிப் புத்தகத்தின் முதுகைப் பாருங்கள். பிரதியில் ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ என்பதில் ஓர் எழுத்து விழுந்து ‘யுனைடெட் சேட்ஸ்’ என்றிருக்கும்.