அப்பாவின் கடையில் 12 வயது பிள்ளை உதவினால் அது சட்டப்படி குழந்தைத் தொழிலா?

எப்போது, எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்தது. இந்தியாவில் 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்ட பிறகு, 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களுக்குத் தடை.

குடும்பத் தொழிலில் உதவுவதற்கு மட்டும் விலக்கு உண்டு (நடிப்புக்குத் தனி விதிகள்). அதுவும் பள்ளி முடிந்த பிறகு அல்லது விடுமுறையில்தான். 2017-இல் வந்த விதிகளின்படி ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. இரவு 7 முதல் காலை 8 வரை அறவே கூடாது. பட்டாசு போன்ற வெடிபொருள் வேலை என்றால் சொந்த வீட்டிலேயே செய்தாலும் தப்புதான்.

சரி, 'குடும்பம்' என்றால் யார்? பெற்றோர், உடன்பிறந்தவர்களோடு சித்தப்பா, அத்தை, மாமா, சித்தி எல்லோரும் அதில் அடக்கம். ஓட்டை இங்கேதான் என்பது என் கருத்து. யாரோ ஒருவர் கடையில் வேலை பார்க்கும் பையனை "அக்கா மகன்" என்று சொல்லிவிட்டால், ஆய்வுக்கு வருபவர் உடனே எப்படிச் சரிபார்ப்பார்?

வேலைக்கு வைத்தவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். பெற்றோருக்கு முதல் தடவை தண்டனை இல்லை. சந்தேகம் இருந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்துச் சொல்லலாம்.